செத்த ஸ்பீக்கர்

தைரியராஜ் சொன்ன ஒரு வாக்கியத்தில் தமிழ்மணிக்கு வேலை போய் அன்றோடு பத்தொன்பது நாள்.

வாக்கியம் இதுதான்: “மீட்டர் கத்தல சார்.”

கடலூரில் குடிகாட்டுக்குப் பக்கத்துக் கெமிக்கல் கம்பெனி. கழிவுநீர்க் குழிக்குள் பக்கிரி இறங்கியிருந்தான். ஒருவன் குழிக்குள் இறங்கினால் இன்னொருவன் குழிவாயில் நிற்க வேண்டும். கையில் கயிறு, கண் குழிக்குள். முதுகுக்குப் பின்னால் கைப்பிடிக் கம்பியில் கேஸ் மீட்டர் தொங்கும். காற்றில் விஷம் ஏறினால் மீட்டர் கத்தும். கத்தியதும் கயிற்றை இழுத்து ஆளை வெளியே எடுத்துவிட வேண்டும்.

அன்று குழிவாயில் நின்றவர் தைரியராஜ். முப்பத்தோரு வருஷம் பாய்லருக்கும் பம்புக்கும் நடுவில் நின்ற ஆள். மீட்டர் கத்துமென்று காத்திருந்தார். கத்தவில்லை. கயிறு தொய்ந்தது. இழுத்தார். பக்கிரி வாயில் நுரையோடு வந்தான்.

பக்கிரி சாகவில்லை. நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறது.

மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் தமிழ்மணி, தைரியராஜ் ஊர்தான், இரண்டு தெரு தள்ளி வீடு. “காலையிலதான் டெஸ்ட் பண்ணேன், நல்லா கத்துச்சு” என்றான். தைரியராஜ் கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு “மாதா மேல சத்தியமா கத்தல” என்றார். இருபத்தெட்டு வயது மெக்கானிக்கின் பேச்சா, முப்பத்தோரு வருஷ ஆளின் சத்தியமா? அந்த மீட்டர் அன்றைக்கே கழிவுநீரில் விழுந்து செத்துவிட்டதால் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. தமிழ்மணியை கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். வரும் திங்கட்கிழமை கடைசி விசாரணை. அதில் தைரியராஜ் கையெழுத்துப் போட்டால் தமிழ்மணி கதை முடிந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமையில்தான் தைரியராஜ் ஹோம் தியேட்டர் வாங்கக் கிளம்பினார்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள்தான். ஒருத்தன் மூச்சுக்குத் தவிக்கிறான், ஒருத்தன் சோற்றுக்குத் தவிக்கிறான், இவருக்குப் பாட்டுப்பெட்டி கேட்கிறது. ஆனால் அந்த வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டும். அங்கே சாமான்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுக்கொண்டே வந்தன. குக்கர் விசில் அடிப்பதில்லை என்று இரண்டு வெயிட் மாற்றியாயிற்று. மகள் பேசினால் முணுமுணுப்புதான் வருகிறது என்று செல்போனை மாற்றியாயிற்று. டிவியில் சத்தம் வருகிறது, பேச்சு வரவில்லை. கடலூர் மெக்கானிக் ஒருவன் உள்ளே ஸ்பீக்கரையே மாற்றிக் கொடுத்தான். அப்போதும் பேச்சு வரவில்லை.

“ஏமாத்துறானுங்க” என்பார் தைரியராஜ். “இப்ப வர்ற சாமான் எல்லாம் தகரம்.”

சத்தத்தைக் கூட்டி வைப்பார். பக்கத்து வீட்டுத் தைலம்மாள் சுவரைத் தட்டுவாள். “மேரி! உங்க வீட்டு நியூஸ எங்க வூட்ல உக்காந்து பாக்குறோம். கேபிள் காசுல பாதி குடுத்துடவா?”

தைரியராஜின் மனைவி பாத்திமா மேரி பதில் பேச மாட்டாள். முதுநகரில் இறால் உரிக்கும் ஷெட்டில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவள். விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். சண்டை போடத் தெம்பு மிச்சமிருக்காது.

போனஸ் பணம் பதினோராயிரத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக் கொடுத்தவள் அவள்தான். சிதம்பரத்தில் இருக்கும் மகளுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். “அனிதா, உங்கப்பா வர்றாரு. பேச்சு நல்லா கேக்குற மாதிரி ஒண்ணு பாத்து வாங்கிக் குடுங்கடி. சத்தம் இல்ல. பேச்சு.”

*

ஸ்டாப்பில் சிதம்பரம் பஸ்ஸுக்கு நின்றார். காற்று கம்பெனிப் பக்கமிருந்து அடித்தது. அழுகிய முட்டை நாற்றம். அங்கே யாரும் மூக்கைப் பொத்துவதில்லை.

எதிர் டீக்கடை பெஞ்சிலிருந்து தமிழ்மணி எழுந்தான். பத்தொன்பது நாளாகச் சவரம் செய்யாத முகம். ரோட்டைத் தாண்டி வந்து தைரியராஜுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்றான்.

“மாமா.”

தைரியராஜ் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, ஒரே ஒரு வார்த்தை. சரியா ஞாபகம் இல்லன்னு சொல்லுங்க, போதும். மீட்டர் கத்தவே இல்லன்னு சத்தியம் பண்ணாதீங்க. பொண்டாட்டிய அவ அம்மா வூட்ல கொண்டுபோய் விட்டுட்டேன் மாமா. அரிசி இல்ல.”

லாரி ஒன்று போனது. பின்னாலேயே பஸ் வந்தது. தைரியராஜ் பையை இடுக்கிக்கொண்டு ஏறினார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

“மாமா!” தமிழ்மணி பஸ்ஸின் தகரத்தைத் தட்டினான். பஸ் போய்விட்டது.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். “வுடுடா தமிழு. மனசாட்சி இருக்குறவன்தான் திரும்பிப் பாப்பான்.”

*

சிதம்பரம் கீழ வீதியில் மகள் ஆரோக்கிய அனிதாவும் மருமகன் லூர்து பிரகாஷும் காத்திருந்தார்கள். லூர்து, வீடுகளுக்கும் கடைகளுக்கும் கேமராவும் தீ அலாரமும் மாட்டும் வேலை செய்கிறவன். அனிதா ஜெராக்ஸ் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முதலில் பெரிய ஷோரூமுக்குப் போனார்கள். ஏசி. கண்ணாடிக்கு உள்ளே கறுப்புப் பெட்டி. விலைச்சீட்டைப் பார்த்த தைரியராஜ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தொட்டால் காசு கேட்பார்கள் என்பதுபோல.

“ரிசீவர் மட்டும் முப்பத்திரெண்டாயிரம் சார். ஸ்பீக்கர் தனி” என்றான் விற்பனைப் பையன்.

“என்னா சொல்றான்?”

“முப்பத்திரெண்டு மாமா” என்று லூர்து முகத்துக்கு நேராக வந்து சொன்னான்.

“அதுல நாலு ஆடு வாங்கலாம். வா போவம்.”

அடுத்தது தெற்கு வீதிச் சந்தில் உள்ளூரிலேயே பூட்டிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர் கடை. ஆறாயிரத்து ஐந்நூறு. முகப்பில் நீல விளக்கு ஓடியது. ‘5000 வாட்ஸ்’ என்று ஸ்டிக்கர்.

“அந்த வாட்ஸ் எல்லாம் நம்பாதீங்க மாமா” என்று லூர்து காதோரம் சொன்னான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு முன்னால் வந்து மறுபடி சொன்னான். “ஸ்டிக்கர்ல என்ன வேணா ஒட்டுவானுங்க. தூக்கிப் பாருங்க. நல்ல ரிசீவர்னா உள்ள பெரிய ட்ரான்ஸ்பார்மர் இருக்கும். வெயிட்டு சொல்லிடும்.”

தைரியராஜுக்கு அது பிடித்துப் போயிற்று. எடையைப் பார்த்து மதிப்பது அவருக்குத் தெரிந்த வித்தை. பெட்டியை ஒரு கையால் தூக்கினார். கடைக்காரன் முகத்துக்கு நேராகவே சொன்னார். “இதுல ஒண்ணும் இல்ல தம்பி. லைட்டுதான் எரியுது.”

மூன்றாவது கடை மேல வீதிப் பக்கம். கவுஸ் மைதீன் பாய். பரங்கிப்பேட்டைக்காரர். ஊர்க்காரர்கள் துபாயிலிருந்தும் சவுதியிலிருந்தும் கொண்டுவந்து, வீடு கட்டும்போதோ மகளைக் கட்டிக் கொடுக்கும்போதோ விற்றுவிடுகிற சாமான்களை வாங்கி விற்பவர். கடை முழுக்க அடுத்தவர் வீட்டுச் சந்தோஷம் தூசி படிந்து கிடந்தது.

“வாங்க பெரியவரே. துபாய் சாமான் ஒண்ணு வந்துருக்கு. எட்டு வருசப் பழசு. நாலு தடவகூட முழுசா சத்தம் வச்சிருக்க மாட்டான். அவன் பொண்டாட்டி வுடல.”

தைரியராஜ் இரண்டு கையாலும் தூக்கினார். தோள் இறங்கியது. முகத்தில் அந்தப் பத்தொன்பது நாளில் இல்லாத ஒரு தெளிவு வந்தது.

“ம். இதுல இரும்பு இருக்கு.”

லூர்து குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தான். அம்மா அனுப்பிய போட்டோவில் வீட்டு டிவியின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று அனிதா போனில் காட்டினாள். டிவி பழசு. அதற்கு ஏற்ற ஓட்டை இந்த ரிசீவரில் இருந்தது. நூற்றைம்பது ரூபாய் ஒயர் ஒன்று வாங்கினால் போதும்.

“மாமா, இங்க பாருங்க. அஞ்சு ஸ்பீக்கர். இடது, வலது, பின்னாடி ரெண்டு. நடுவுல ஒண்ணு, டிவிக்குக் கீழ. பேசுறதெல்லாம் இந்த நடு ஸ்பீக்கர்லதான் வரும். அத மட்டும் தனியா ஏத்திக்கலாம். மத்ததெல்லாம் அப்புடியே இருக்கும்.”

“பேச்சு மட்டுமா?”

“பேச்சு மட்டும்.”

தைரியராஜ் ரிசீவரின் தலையில் உள்ளங்கையை வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல.

“பாய், எவ்ளோ?”

“உங்களுக்காகப் பதினோராயிரம். அஞ்சு பொட்டியும் சேத்து.”

மஞ்சள் பையில் சரியாக அவ்வளவுதான் இருந்தது. முழுசையும் கொடுக்க அவருக்கு மனசில்லை. இரண்டாயிரம் மிச்சம் பிடித்துப் பக்கிரி மனைவி கையில் கொடுக்க வேண்டுமென்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்திருந்தார். மேரியிடம்கூடச் சொல்லவில்லை.

லூர்து அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னான். “பழைய சாமான் மாமா. அஞ்சுல ஒண்ணாவது செத்திருக்கும். ஒவ்வொண்ணா சத்தம் வுட்டுப் பாப்போம். செத்தது கெடைச்சா ரெண்டாயிரம் கொறைக்கலாம். நீங்களே கண்டுபுடிச்சிச் சொல்லுங்க. வயசான ஆளு சொன்னா பாய் மறுக்க மாட்டாரு.”

தைரியராஜ் தலையாட்டினார். பேரம் என்றால் அவருக்கு உயிர். ஆடி மாசத்தில் பண்ருட்டிப் பலாவையே பாதி விலைக்குக் கேட்டு வாங்கியவர்.

*

லூர்து செல்போனை ரிசீவரில் சொருகினான். அதில் ஒரே சத்தத்தை விட்டுக்கொண்டே இருக்கும் ஒரு ஆப் வைத்திருந்தான். எண்ணை ஏற்ற ஏற்றச் சத்தம் மெல்லிசாகிக் கூராகும்.

முதலில் தடித்த சத்தம். மாடு முனகுவதுபோல. இடதில் வந்தது. வலதில் வந்தது. பின்னால் இரண்டிலும் வந்தது. நடுவில் வந்தது. தைரியராஜ் ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கி “ம்” என்றார். ஐந்தும் உயிரோடுதான் இருந்தன. கொஞ்சம் ஏமாற்றம்.

“இப்ப மெல்லிசு சத்தம்” என்றான் லூர்து. “ஒவ்வொரு பொட்டியிலயும் மேல குட்டியா ஒண்ணு இருக்குல்ல, அதுதான் முதல்ல சாகும்.”

நடு ஸ்பீக்கரில் விட்டான்.

தைரியராஜ் காத்திருந்தார். குனிந்தார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதை வைத்தார். பிறகு நிமிர்ந்து, ஜெயித்தவர் குரலில் சொன்னார்.

“பாய்! இது செத்துப் போச்சு.”

கவுஸ் மைதீன் சிரித்தார். “பெரியவரே, பேரம் பேசலாம். அதுக்காக இப்புடியா?”

“எதுக்குச் சிரிக்கிறீங்க? சத்தமே வரல. அதுவும் பேச்சு வர்ற பொட்டி. செத்த பொட்டிய வச்சுக்கிட்டுப் பதினொண்ணு கேக்குறீங்க, ஞாயமா? ஒம்போதுக்குக் குடுங்க.” அந்தக் குட்டி ஸ்பீக்கரின் மேல் விரலை வைத்துக் காட்டினார். “பாருங்க. பொணம்.”

சாட்சிக்கு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

அனிதா இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள்.

கவுஸ் மைதீன் ஒரு கையால் காதைப் பொத்தியிருந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ரோட்டில் ஸ்கூட்டியை நிறுத்திய ஒரு பெண், முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைக்குள் எட்டிப் பார்த்தாள். கல்லாவில் படுத்திருந்த பூனை இறங்கி ஓடியது.

தைரியராஜ் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

லூர்து அவசரமாகச் செல்போனில் கையை வைத்தான். “ஆமாம் மாமா, செத்துத்தான் போச்சு. வுட்டுருங்க...”

“நிறுத்தாதீங்க மாப்ள.”

“மாமா...”

“நிறுத்தாதீங்கன்னேன். கொஞ்சம் கொஞ்சமா எறக்குங்க. வந்ததும் கையத் தூக்குறேன்.”

லூர்து எண்ணை இறக்கினான். எட்டாயிரம். ஆறாயிரம். சத்தம் ஊசிபோல எல்லாருடைய பல்லிலும் இறங்கியது. தைரியராஜ் நடு ஸ்பீக்கருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார், தொடையில் கையை வைத்துக்கொண்டு. நாலாயிரம். மூவாயிரம். இரண்டாயிரம்.

அதற்கும் கீழே போன பிறகுதான் கை எழுந்தது.

“மாப்ள.”

“சொல்லுங்க மாமா.”

“அதுக்கு முன்னாடி வந்துச்சே, எனக்குக் கேக்காதது. அது எப்புடி இருக்கும்?”

“கீ... கீன்னு. விசில் மாதிரி.”

“மீட்டர் மாதிரியா?”

அலாரம் மாட்டுகிறவன் லூர்து. எந்தப் பெட்டி எந்த எண்ணில் கத்தும் என்று அவனுக்கு மனப்பாடம். அவன் குனிந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வாய் திறக்க வேண்டிய தேவையும் இல்லை. முப்பத்தோரு வருஷம் இரைச்சலுக்குள் நின்றவர் முகத்தைப் படிக்கத்தான் கற்றிருந்தார். மேஸ்திரி முகம், இன்ஜினியர் முகம், மேரி முகம். உதட்டைப் பார்த்து, புருவத்தைப் பார்த்து, பதில் சொல்லிச் சொல்லியே இத்தனை நாளை ஓட்டியிருந்தார். மருமகன் முகத்தைப் படிப்பதா கஷ்டம்?

கடைசியில் கவுஸ் மைதீன்தான் பேசினார். “பெரியவரே... ஒம்போதே குடுங்க. அல்லாஹ் பாத்துக்குவான்.”

தைரியராஜ் மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார். முழுசும்.

“பொட்டி நல்லாத்தான இருக்கு பாய். அப்புறம் எதுக்குக் கொறைக்கிறீங்க?”

*

பஸ் ஸ்டாண்டில் அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். ஸ்பீக்கர்களை லூர்து நாளைக்குப் பைக்கில் கொண்டுவந்து மாட்டித் தருவதாகச் சொன்னான். அனிதாதான் ஆரம்பித்தாள்.

“அப்பா. திங்கக்கிழம சொல்லிடு.”

“என்னான்னு?”

“காது கேக்கலன்னு.”

தைரியராஜ் சுற்றும்முற்றும் பார்த்தார். யாராவது கம்பெனி ஆள் இருக்கிறானா என்று. “சொல்லிட்டு?”

“காதுக்கு மெஷின் இருக்கு மாமா” என்றான் லூர்து. “பெரிய ஆஸ்பத்திரியில கேம்ப் போடுறாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“மெஷின் மாட்டுனவன எவன் குழி வாயில நிறுத்துவான்? காண்ட்ராக்ட் ஆளு நானு. மெடிக்கல்ல ஃபெயிலுன்னு எழுதி கேட்டுக்கு வெளிய தள்ளிடுவான். இன்னும் ரெண்டு வருசம் மாப்ள. ரெண்டே வருசம் ஓட்டிட்டா...” பாதியில் நிறுத்தினார். ரெண்டு வருஷத்தில் அந்தக் குழிவாயில் நின்று எத்தனை பேரை இறக்குவார் என்று அவருக்கே ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும்.

“அப்பா, தமிழ்மணி அண்ணன் வேல...”

“தெரியுதுடி. அவன் வேல போனது தெரியுது. நான் இப்ப மாத்திச் சொன்னா பக்கிரிக்கு என்னா ஆவும்னு தெரியுமா? மீட்டரு கெட்டுப் போச்சுன்னா கம்பெனி தப்பு, நஷ்ட ஈடு உடனே குடுக்கணும். மேல நின்னவன் கவனிக்கலன்னா தொழிலாளி தப்பு, கோர்ட்டுக்குப் போய்க்கோன்னுடுவான். யூனியன்ல சொன்னானுங்க. பக்கிரி கோர்ட்டு வாசல் வரைக்கும் நடக்குற மாதிரியா இருக்கான்? பத்தடி நடந்தா உக்காந்துடுறான்.”

அவர் குரல் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. தன் குரல் எவ்வளவு பெரிசு என்று அவருக்குத் தெரியாது.

“என்னைய நம்பித்தாண்டி எறங்குனான். ‘அண்ணன் நிக்கிறாரு, பயமில்ல’ன்னுட்டு எறங்குனான்.”

அனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடலூர் பஸ் உள்ளே நுழைவதைப் பார்த்துக்கொண்டே, உதடு அவருக்குத் தெரியாத பக்கம் சொன்னாள். “நீ அவன கொன்னுருப்பப்பா.”

“என்னா?”

அவள் திரும்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பஸ் வந்துடுச்சுன்னேன்.”

அட்டைப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் போனார். பத்துக் கிலோ இருக்கும். மூட்டை சுமந்த தோள்தான். ஆனால் படியில் கால் வைக்கும்போது தடுமாறினார். கண்டக்டர் கத்தினான். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது.

*

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மேரி குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தைரியராஜ் அறைக்கு நடுவில் பெட்டியை இறக்கினார். பிரிக்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். திறந்திருந்த வாசலுக்கு முதுகு, அடுப்புக்கு முகம்.

“வாங்கிட்டீங்களா? நல்லதா?” என்றாள் மேரி, தலையை நிமிர்த்தி.

“மேரி.”

“ம்.”

“அந்தக் குக்கர் வெயிட்டு... நல்லாத்தான் இருக்குதா?”

கத்தி நின்றது.

அவர் சொன்னார். கடையை, நடு ஸ்பீக்கரை, அனிதா காதை அடைத்துக்கொண்டு நின்றதை. மீட்டரைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. மேரி ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அதை அவர் கவனிக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“சாமி மேல சத்தியம் பண்ணிட்டேன் மேரி.”

அவள் எழுந்து வந்து முன்னால் குந்தினாள். அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். அவருக்குப் புரிகிற மாதிரி, வாயை நன்றாக அசைத்து, மெதுவாகச் சொன்னாள்.

“திங்கக்கிழம ஒண்ணும் சொல்லாத. கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு.”

“தமிழ்மணி?”

“அவனுக்கு இருபத்தெட்டு வயசு. கை இருக்கு, கால் இருக்கு. எங்கியாவது பொழச்சுக்குவான். நமக்கு என்னா இருக்கு? எம்மா நாளைக்கு இறால் உரிப்பேன்? பாரு, இந்த விரலப் பாரு.” விரல்களை அவர் கண்ணுக்கு நேரே விரித்தாள். “பக்கிரிக்காவது காசு வரட்டும். நீ வாயத் தொறந்தா ரெண்டு குடும்பம் போச்சு, நம்மளதும் பக்கிரிதும். மூடிக்கிட்டா ஒண்ணுதான் போவும்.”

“அது பாவம் மேரி.”

“ஃபாதர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அந்தப் பாவம் என் கணக்குல இருக்கட்டும்.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை அசைத்தார். சரி என்றா, முடியாது என்றா, அவளுக்கே தெரியவில்லை.

மேரி எழுந்து அடுப்புப் பக்கம் திரும்பினாள். குக்கர் மூச்சு விட ஆரம்பித்தது. முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பத்தொன்பது நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்ததை அந்த ஆவிக்குள் சொன்னாள். அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில்தான் சொன்னாள்.

“ரெண்டு வருசமா எனக்குத் தெரியும்யா. உங்காது செத்துப் போச்சுன்னு. ஒவ்வொரு தடவயும் குக்கர் வெயிட்ட நான்தான மாத்துனேன், நல்ல வெயிட்ட எடுத்துட்டு. வேல போயிடும்னு பொத்திப் பொத்தி வச்சேன். அந்த மீட்டரு கத்திருக்கும்யா. தொண்ட கிழியக் கத்திருக்கும். நான் அன்னிக்கே சொல்லியிருந்தா நீ அந்த வாயில நின்னுருக்க மாட்ட.”

குக்கர் விசில் அடித்தது. நீளமாக, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர் அசையவில்லை.

மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். திரும்பியவள் அப்படியே நின்றாள்.

கணவரின் தோளுக்குப் பின்னால், திறந்த வாசலில், தமிழ்மணி நின்றுகொண்டிருந்தான். கையில் திங்கட்கிழமை விசாரணைக்கு வரச்சொன்ன காகிதம். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. முகத்தில் கோபம்கூட இல்லை.

“என்னா மேரி? ஏன் அப்புடிப் பாக்குற?” என்றார் தைரியராஜ்.

அவள் பதில் சொல்லவில்லை. உதட்டை அசைத்தால் படித்துவிடுவார்.

“மாமா” என்றான் தமிழ்மணி.

காலையில் கத்தியதுபோல இல்லை. மெதுவாகத்தான் கூப்பிட்டான். திரும்ப மாட்டார் என்று இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது.